பிள்ளை சாரணர் படையில், பெற்றோர் எங்கே?

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களில் பிள்ளையின் டைரியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வரும். சாரணர் இயக்கத்தில் சேர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று இரண்டு வரி இருக்கும். பெரும்பாலான வீடுகளில் உடனே எழும் கேள்வி, யூனிஃபார்ம் எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பது. அடுத்தது, அந்த சர்டிஃபிகேட்டால் பின்னால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்பது. இரண்டுக்கும் பதில் தெரிந்ததும் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறோம். முகாமுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் திடீரென்று களத்தில் இறங்குகிறோம். பையை நாமே அடுக்கி, போர்வையை நாமே மடித்து, ஸ்கார்ஃபை நாமே சுருட்டிப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிடுகிறோம். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. குழுவை நடத்துபவர் யார், பிள்ளைகளை எங்கே அழைத்துப் போகிறார், கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதிலெல்லாம் பெற்றோர் தாராளமாகத் தலையிடலாம், தலையிடவும் வேண்டும். பையிலும் போர்வையிலும் முடிச்சிலும் கை வைக்கக் கூடாது. கோலார் தங்கவயலின் கோரமண்டல் போன்ற ஓர் ஊரில் இதைச் சொல்வதற்குக் காரணங்கள் கூடுதலாகவே இருக்கின்றன.

இயக்கத்தின் கதை பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்ததுதான். பிரிட்டிஷ் படைத் தளபதி ராபர்ட் பேடன் பவல் 1907-இல் பிரௌன்சீ என்ற சிறு தீவில் இருபது பேர் அளவிலான சிறுவர்களைக் கூட்டி முகாம் நடத்தினார். வசதியான பள்ளிகளில் படித்தவர்களும் உழைக்கும் வர்க்கத்துப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகத் தங்கினார்கள், அந்தக் காலத்து இங்கிலாந்தில் அதுவே ஒரு புதுமை. இரண்டே ஆண்டுகளில், 1909-இல், இயக்கம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. முதல் படை தொடங்கிய ஊர், தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூர். ஆனால் அது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள். அந்தக் கதவை உடைக்க, அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்க வேண்டியிருந்தது. அதில் சேர்ந்த சிறுவர்கள் தலைப்பாகை கட்டினார்கள், நம் நாட்டுப் பாட்டுகளைப் பாடினார்கள். இப்படித் தனித்தனியாக வளர்ந்த சங்கங்கள் விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் தேதி பாரத சாரணர் இயக்கமாக ஒன்றிணைந்தன, பெண்களுக்கான சாரணியர் அமைப்பு மறு ஆண்டு ஆகஸ்ட் 15-இல் சேர்ந்துகொண்டது. இன்று ஐந்து வயது கடந்த சிறுவர்களுக்குக் குருளையர், சிறுமியருக்கு நீலப்பறவையர், பத்து வயதிலிருந்து சாரணர், சாரணியர், அதற்கு மேல் இருபத்தைந்து வயது வரை மூத்தவர்களுக்கான பிரிவு என்று படிகள் உண்டு. பள்ளிக்குப் போகும் முன்பே சேரும் மழலையருக்கும் ‘பன்னி’ என்று ஒரு பிரிவு இருக்கிறது.

படிகளையும் பட்டைகளையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதைப் பெற்றோர்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாரணர் படை வகுப்பறை மாதிரி இயங்குவதில்லை. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் அணி. அணிக்கு ஒரு தலைவர், அவரும் ஒரு பிள்ளைதான். பன்னிரண்டு வயதுப் பையன் பத்து வயதுப் பையனுக்குக் கூடாரம் அடிக்கச் சொல்லித் தருகிறான், அந்தப் பத்து வயதுப் பையன் தனக்கு அடுத்து வருபவனுக்குச் சொல்லித் தருகிறான். அணித் தலைவர்கள் கூடிப் பேசி அடுத்த முகாமில் என்ன சமைப்பது, ஒழுங்கு மீறியவனை என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். பெரியவர் பக்கத்தில் இருப்பார், ஆபத்து என்றால் குறுக்கிடுவார், மற்ற நேரத்தில் வாயைத் திறக்காமல் இருக்கப் பழகியிருப்பார். இந்த அணி முறைதான் இயக்கத்தின் உயிர். ஆசிரியர் கட்டளையிட, நாற்பது பேர் வரிசையில் நின்று சல்யூட் அடித்துவிட்டுக் கலைவது அணிவகுப்பு. குடியரசு நாளன்று பார்க்க அழகாக இருக்கும். நம் பள்ளிகள் பலவற்றில் சாரணர் இயக்கம் அந்த அளவிலேயே நின்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெற்றோர் எங்கே விலகி நிற்க வேண்டும் என்பதை ஒரு முடிச்சை வைத்தே பார்க்கலாம். புதிதாகச் சேரும் பிள்ளை முதலில் கற்பது ரீஃப் முடிச்சு. வலதை இடதின் மேல் போட்டுச் சுற்ற வேண்டும், பிறகு இடதை வலதின் மேல். இரண்டாவது சுற்றில் பழக்கதோஷத்தால் மறுபடியும் வலதையே மேலே போட்டுவிட்டால் பார்க்கக் கிட்டத்தட்ட அதே முடிச்சுதான், ஆனால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு அவிழும். சரியாகப் போட்டதோ, கயிறு வந்த வழியிலேயே திரும்பிப் போய்த் தட்டையாக உட்காரும். காயத்துக்குக் கட்டுப் போடும்போது முடிச்சு தோலை உறுத்தாமல் இருப்பது அந்தத் தட்டையால்தான். ஏழெட்டு முறை தப்பாகப் போட்டு, இழுத்துப் பார்த்து, அவிழ்ந்து, எரிச்சல்பட்டு, பிறகு ஒரு தடவை நின்றுவிடும்போது விரல்களுக்குப் புரிகிறது. மூன்றாவது முறையே அப்பா கயிற்றை வாங்கி “இப்படிடா” என்று போட்டுக் காட்டிவிட்டால், முடிச்சு சரியாகிவிடும், பிள்ளைக்கு ஒன்றும் வராது. முகாம் பையும் இதே கதைதான். அம்மா அடுக்கிய பையில் டார்ச் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும், இருட்டில் கூடாரத்துக்குள் தேடுவது பிள்ளை. சோப்பை மறந்துவிட்டுப் போனால் போகட்டும், பக்கத்துப் பையனிடம் கேட்டு வாங்கிக்கொள்வான், அடுத்த முறை மறக்கமாட்டான்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது, பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைக் காட்டலாம். பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரின் விவரங்களை எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுவயதில் சாரணராகவோ சாரணியராகவோ இருந்தவர்களுக்கு ஐம்பதாவது வயதில் பதற்றம், மனச்சோர்வு போன்ற கோளாறுகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வறிய குடும்பத்தில் பிறந்தவர்களின் மனநலம் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்களுடையதைவிட மோசமாக இருப்பது வழக்கம், ஆனால் சாரணர்களாக இருந்தவர்களிடம் அந்த இடைவெளி தென்படவில்லை. இதை வைத்து, சேர்த்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அக்கறையுள்ள குடும்பங்களே பிள்ளைகளைச் சேர்த்திருக்கலாம், ஆய்வாளர்கள் எவ்வளவு கழித்துப் பார்த்தாலும் அந்தச் சந்தேகம் முழுக்கப் போகாது. அறுபதுகளின் இங்கிலாந்து வேறு, இன்றைய தங்கவயல் வேறு. இருந்தாலும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் நன்மை என்பதை அவ்வளவு எளிதில் தள்ளிவிடவும் முடியாது. வாரம் ஒரு நாள், கூடப்பிறக்காத ஏழு பேருக்கு நாம் வேண்டியவர் என்று ஒரு பிள்ளைக்குத் தெரிவது சின்ன விஷயம் இல்லை.

கோரமண்டலுக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியதிலிருந்து 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, நூற்றிருபது ஆண்டுகள் இந்த ஊரின் பொழுதைச் சுரங்கத்தின் சங்குதான் பிரித்துக் கொடுத்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது, மைதானமும் கிளப்பும்கூட அப்படித்தான். பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் ஏதாவது ஒரு ஷிஃப்டு ஆள் வீட்டில் இருப்பார், லைனில் பத்துப் பேர் கண்ணில் படாமல் எந்தப் பிள்ளையும் தப்பிக்க முடியாது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளையைப் பாட்டி எழுப்பி அனுப்புகிறார், டியூஷன் அக்கா உட்கார வைக்கிறார், அப்பா வரும்போது அவன் தூங்கியிருக்கிறான். வாரத்தில் மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அதிலும் பாதி கோயிலுக்கோ சர்ச்சுக்கோ, கறி வாங்கப் போவதற்கோ சரியாகிவிடும். இந்த நிலையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு எதிர்பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அவருக்குப் பாடம், விடைத்தாள், கணக்கெடுப்பு வேலை எல்லாம் போகத்தான் சாரணர் படை. அவருக்கு மாற்றலானால் படையும் அவரோடு போய்விடுகிறது.

பள்ளியைச் சாராமல் ஊராரே சேர்ந்து குழு நடத்த இயக்கத்தின் விதிகள் இடம் கொடுக்கின்றன. திறந்தநிலைக் குழு என்று அதைச் சொல்வார்கள். வேறு வேறு பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் ஒரே அணியில் சேரலாம். குழுவுக்கு ஒரு கமிட்டி இருக்கும், அதில் பெற்றோருக்கு இடம் உண்டு. தங்கவயலில் ஆள் இல்லை என்று சொல்பவர்கள் ஊரை ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாம். சுரங்கத்தில் முதலுதவி பழகிய பெரியவர்கள், கயிறும் புல்லியும் கையாண்டவர்கள், வொர்க்‌ஷாப்பில் இரும்பை வளைத்தவர்கள் இன்னும் நம் நடுவே இருக்கிறார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் காயம்பட்டவரை எப்படித் தூக்க வேண்டும் என்று தெரிந்தவரைவிட, ஸ்ட்ரெச்சர் கட்டக் கற்றுத்தர வேறு யார் வேண்டும்? கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பகலில் வீட்டில் இருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். ரயிலில் போய்வரும் அப்பாவுக்கு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், அதுவும் மாதத்தில் ஒரு முறை போதும். பத்துக் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. ஒரே ஒருவரை நம்பிக் காலம் தள்ளும் குழுதான் இரண்டாவது ஆண்டில் படுத்துவிடும்.

எதிர்ப்புக் குரல்களில் முதலாவது படிப்பு. எஸ்.எஸ்.எல்.சி. நெருங்கும்போது முகாம் எதற்கு என்பது நியாயமான கவலை. அதனால்தான் ஐந்தாவது, ஆறாவது படிக்கும்போதே சேர்ப்பது நல்லது. பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான், ராஜ்ய புரஸ்கார் என்று ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் காலம் வேண்டும், ஒன்பதாவதில் சேர்ந்து பத்தாவதில் குடியரசுத் தலைவர் விருது வாங்கிவிட முடியாது. அந்த விருதுக்கு வெளியே மதிப்பு இருப்பதும் உண்மை. ரயில்வேயில் சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறார்கள், கர்நாடக சி.இ.டி. சேர்க்கையிலும் சிறப்புப் பிரிவு இருக்கிறது. ரயில் வேலையின் அருமை தெரிந்த ஊர் இது, ஆகவே இதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அதற்காக மட்டுமே சேர்க்கும் பெற்றோர்தான் லாக் புக்கைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள், ப்ராஜெக்டைக் கடையில் வாங்குகிறார்கள். கிடைக்கிற இடங்களோ மிகச் சில. வேலை கிடைக்காமல் போனால் பிள்ளைக்கு மிஞ்சுவது அவன் உண்மையிலேயே கற்றது மட்டும்தான்.

செலவு இரண்டாவது. சந்தாவைவிடச் சீருடை, ஷூ, முகாம் பயணம் ஆகியவைதான் கடிக்கும். சேர்ந்த முதல் நாளே சீருடை வேண்டியதில்லை. பிரவேஷ் பயிற்சி முடிந்து, உறுதிமொழி எடுக்கும் நாளில்தான் பிள்ளை முறையாகச் சாரணர் ஆகிறது, அதற்குள் அவனுக்கு இது பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதுவரை ஒரு துண்டுக் கயிறு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரிய பிள்ளைகளுக்குச் சிறியதாகிப் போன சீருடைகளைக் குழுவிலேயே சேர்த்து வைத்து மாற்றிக்கொள்வது, கமிட்டியில் இருக்கும் பெற்றோர் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யக்கூடிய ஒன்று.

மூன்றாவது பாதுகாப்பு. இங்கேதான் பெற்றோர் கூச்சத்தை விட்டுவிட வேண்டும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020-இல் திவால் மனு கொடுத்தது, சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 82,000-க்கு மேற்பட்டோர் கோரிக்கை வைத்தார்கள், இழப்பீட்டுத் திட்டம் 246 கோடி டாலரில் வந்து நின்றது. பல பத்தாண்டுகள் கேள்வி கேட்கப்படாமல் இருந்ததன் விலை அது. தூரத்துக் கதை என்று விடவும் முடியாது. 2024 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. பெயரைச் சொல்லிப் போலியாக நடத்தப்பட்ட முகாமில் பள்ளி மாணவிகள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். முகாமுக்கும் உண்மையான என்.சி.சி.க்கும் சம்பந்தமே இல்லை. நடத்தியவர் யார் என்று பள்ளி சரிபார்க்கவில்லை. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். குழு எந்தச் சங்கத்தில் பதிவாகியிருக்கிறது, பதிவுச் சான்றைப் பார்க்கலாமா? தலைவர் பயிற்சி பெற்றவரா, நியமனக் கடிதம் இருக்கிறதா? மாவட்டச் சங்கத்துக்கு இந்த முகாம் தெரியுமா? சாரணியர் குழு என்றால் பெண் தலைவர் இரவில் உடன் தங்குகிறாரா? எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்க நேராதபடி எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பார்களா? உலக சாரணர் அமைப்பு இதற்கென்றே ஒரு கொள்கை வைத்திருக்கிறது, நாட்டில் 2012-இன் போக்சோ சட்டம் இருக்கிறது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. நல்ல தலைவர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார், முகம் சுளித்தால் அதுவே பதில்.

தங்கவயலுக்கென்று இன்னொரு கேள்வியும் உண்டு: பிள்ளைகளை எங்கே நடத்திக்கொண்டு போகிறீர்கள்? சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் படத்துக்கு அழகு, ஏறி விளையாட ஏற்றவை அல்ல. காற்று அடித்தால் பறக்கும் அந்த மண் மூச்சுக்குள் போகக் கூடாதது. கைவிடப்பட்ட சுரங்க சாஃப்ட்டுகளின் பக்கம் குழந்தைகளைக் கூட்டிப் போவது வீரமல்ல, விவரமில்லாமை. நடைப்பயணத்துக்கு பேத்தமங்கலா ஏரிக்கரை இருக்கிறது, கோலாரில் அந்தரகங்கை மலை இருக்கிறது, முல்பாகல் பக்கம் ஆவணி இருக்கிறது.

இது வெள்ளைக்காரன் விட்டுச் சென்றது, பட்டாளத்துப் பழக்கம், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பட்டாளத்துக்காரர் தொடங்கியது உண்மைதான், ஆனால் இதில் ஆயுதம் இல்லை. விலக்கி வைத்தவர்களிடமிருந்து பிடுங்கித் தமதாக்கிக்கொண்டவர்கள் நம்மவர்கள் என்பதை பெசன்ட் அம்மையாரின் கதையே சொல்லும். மொழி குறித்த தயக்கம் இதைவிடப் பொருள்பொதிந்தது. இறைவணக்கமும் கொடிப் பாட்டும் இந்தியில், மாநில முகாமில் பேச்சு கன்னடத்தில், வீட்டில் தமிழ். பிள்ளை தடுமாறாதா? கொஞ்சம் தடுமாறும். ஆனால் கூடாரத்துக்குள் கன்னடம் கற்பது வகுப்பறையில் கற்பதைவிடச் சுலபம், சோறு குழைந்துவிட்டது என்று எந்த மொழியிலும் சொல்லியாக வேண்டியிருக்கும். தமிழர், கன்னடர், தெலுங்கர், உருது பேசுவோர் ஒரே லைனில் வாழ்ந்து பழகிய ஊருக்கு இது புதிதும் அல்ல.

ஆகவே, சேர்த்த முதல் மூன்று மாதங்களில் பெற்றோர் செய்யக்கூடியது சொற்பம்தான். ஒரு கூட்டத்தை முழுதாக உட்கார்ந்து பார்க்கலாம், பேசுவது பெரியவர்களா பிள்ளைகளா என்று கவனித்தாலே குழுவின் தரம் தெரிந்துவிடும். உறுதிமொழி நாளன்று லீவு போட்டாவது போக வேண்டும். கமிட்டியில் வரவு செலவோ, சாமான்களோ, வண்டி ஏற்பாடோ, ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு காரியத்துக்கு ஆளைத் தேடிவிடுவது நல்லது: இப்போதைய தலைவருக்கு அடுத்தவர். தொடக்கப் பயிற்சிக்கு வீட்டை விட்டுச் சில நாட்கள் வெளியூரில் தங்க வேண்டியிருக்கும், மாநிலப் பயிற்சி மையம் தொட்டபள்ளாபுரத்தில் இருக்கிறது. லைனில் இருக்கும் ஒரு தாய் போக முன்வந்தால், அந்த நாட்களில் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது, மாமியாரை யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்பதை மற்ற ஒன்பது வீடுகளும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.